முத்திரை யார் கையில்

சான் ஃபிரான்சிஸ்கோவின் பழைய நகர மன்றத்தைக் கட்டி முடிக்க 27 ஆண்டுகள் ஆயின. சுமார் 60 லட்சம் டாலரை அது விழுங்கியது. 1906 ஏப்ரல் 18 விடிகாலை 5.12 மணிக்குப் பூமி குலுங்கியபோது அது சரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உச்சிக் கோபுரத்தின் இரும்புக் கூடு மட்டும் நின்றது. அதைப் போர்த்தியிருந்த செங்கல்லும் தூண்களும் தெருவில் கிடந்தன. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கி, ஆள் மாற்றி ஆள் வைத்துக் கட்டிய கட்டடம். இடையில் எவனெவன் எவ்வளவு சாப்பிட்டான் என்று ஊர் அப்போது பேசியது, இப்போதும் பேசுகிறது.

நான் இதே வளைகுடாப் பகுதியில், ஃப்ரீமான்ட்டில், டைல் பதித்துப் பிழைப்பவன். குளியலறைச் சுவர், சமையலறைத் தரை, அடுப்படி மேடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒன்றரை அடிப் பட்டை, இவைதான் என் உலகம். கலிஃபோர்னியா அரசின் கணக்கில் என் தொழிலுக்கு சி-54 என்று பெயர். குழாய் வேலை சி-36, கரண்டு வேலை சி-10, பெயிண்ட் சி-33, கூரை சி-39, நீச்சல் குளம் சி-53. என் வேனின் இரண்டு பக்கமும் கடைப் பெயருக்குக் கீழே லைசென்ஸ் எண் எழுதியிருக்கிறது. ஆசைக்காக எழுதியதல்ல, சட்டம் அப்படி. விளம்பரம், ஒப்பந்தப் பத்திரம், விசிட்டிங் கார்டு எதிலும் அந்த எண் இல்லாமல் முடியாது.

இந்த எண்ணுக்குப் பரீட்சை எழுதப் போவதாக ஊருக்குப் போன் செய்தபோது அப்பா சிரித்தார். அவர் காரைக்குடிப் பக்கத்தில் கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். “ஏம்ப்பா, செங்கல்லு வைக்கப் பரீச்சையா? தூக்குக்குண்டு பொய் சொல்லுமா?” என்றார். சித்தாளாகச் சேர்ந்து, நிமிந்தாளாகி, பல வருஷம் கலவை சுமந்த பிறகே அவரைக் கரண்டி பிடிக்க விட்டார்கள். அவருக்கு முத்திரை குத்தியது அவருடைய மேஸ்திரி. எங்கள் ஊரில் வீடு கட்டும் மேஸ்திரிக்கு அரசுச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. வயரிங் செய்யத்தான் சீட்டு வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே அது இருந்தது. ஒரு வேலைக்கு ஆளைத் தகுதி என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எனக்கு அப்பாவின் சிரிப்பிலிருந்துதான் பிடித்துக்கொண்டது. பரீட்சைக்குப் படித்த சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இந்த மாநிலத்தின் பழைய கதைகளில் இருந்தது.

1906இல் கலிஃபோர்னியாவில் கட்டட ஒப்பந்தக்காரருக்கு மாநில லைசென்ஸ் கிடையாது. ஆனால் சீட்டு இல்லாமல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அந்தச் சீட்டைக் கொடுத்தது தொழிற்சங்கம்.

கட்டடத் தொழில் சங்கங்களின் கூட்டவை 1896இல் அமைந்தது. அதன் தலைவர் பி.எச். மெக்கார்த்தி, அயர்லாந்திலிருந்து வந்த தச்சர். கூட்டவையின் வேலை அட்டை சட்டைப் பையில் இல்லாதவனோடு அட்டை உள்ளவன் ஒரே சாரத்தில் நிற்க மாட்டான். சங்கத்தின் ஆள் தளம் தளமாக வந்து அட்டையைப் பார்ப்பான். ஒருவனிடம் இல்லையென்றால் மொத்த வேலையும் நிற்கும். 1900இல் மர ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். கூட்டவை சொந்தமாக ஒரு மர ஆலையையே நிறுவியது. மற்ற ஆலைகளிலிருந்து வந்த பலகையைத் தொட மாட்டோம் என்றது. 1901இல் எட்டு மணி நேரம் கிடைத்தது. பூகம்பத்துக்குப் பிறகு ஊரையே திரும்பக் கட்ட வேண்டியிருந்தபோது இந்தக் கூட்டவையின் செல்வாக்கு எங்கே போய் நின்றது என்றால், 1910இல் மெக்கார்த்தி அந்த நகரத்தின் மேயரானார். ஒரு தச்சர் மேயரானதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

சிலிர்ப்பு அதிக நேரம் நிற்பதில்லை. அதே கூட்டவையின் செயலாளர் ஓலாஃப் ட்வைட்மோ, நார்வேயில் பிறந்தவர். 1905 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானியரையும் கொரியரையும் விலக்கக் கோரி ஒரு சங்கம் தொடங்கியது. அதற்கு அவரே தலைவர். 1907இல் அதன் பெயர் ஆசியர் விலக்குச் சங்கம் என்று அகலமானது. காரணம் நம்மவர்கள். பஞ்சாபிலிருந்து வந்து மர ஆலைகளிலும் ரயில் பாதைகளிலும் கூலி வேலை பார்த்த சீக்கியர்களை இங்கே ‘இந்துக்கள்’ என்றார்கள். அவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த அதே கைகள் என் நிறத்துக்காரன் ஒருவனுக்கும் வேலை அட்டை தந்திருக்காது.

இது சங்கத்துக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். நகராட்சி அதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. 1880இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஓர் உத்தரவு போட்டது: செங்கல், கல் கட்டடம் அல்லாத இடத்தில் சலவைக் கடை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும். தீ பரவாமல் தடுக்க என்று காரணம். நல்ல காரணம்தான், மர வீடுகளே நிறைந்த ஊர். அன்றைக்கு ஊரில் சுமார் 320 சலவைக் கடைகள், அவற்றில் ஏறக்குறைய 310 மரக் கட்டடத்தில். சுமார் 240 கடைகள் சீனர்களுடையவை. 200 சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் 80 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரில் 22 ஆண்டுகளாக ஒரே இடத்தில் கடை நடத்தியவர், தீயணைப்புக் காவலர்களின் சான்றும் சுகாதார அதிகாரியின் சான்றும் கையில் வைத்திருந்தவர், 10 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டத்தின் எழுத்தில் பாரபட்சம் இல்லாவிட்டாலும் அதை நடத்தும் கையில் பாரபட்சம் இருந்தால் அது செல்லாது என்று 1886 மே மாதம் தீர்ப்பு வந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. லைசென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மறுபடி கட்டடத்துக்கு வருகிறேன். 1921இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. கட்டடத் தொழிலாளர் கூலியை 7.5 சதவீதம் குறைத்து நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது, சங்கங்கள் ஏற்கவில்லை, முதலாளிகள் கதவடைத்தார்கள். பிறகு வணிகர்களும் வங்கிக்காரர்களும் சேர்ந்து தொழில்துறைக் கூட்டமைப்பு என்று ஒன்றை அமைத்து, தொழிற்சங்கத்து ஆளை மட்டுமே வைக்க வேண்டும் என்ற பழைய கட்டை உடைக்க இறங்கினார்கள். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் மிக எளிது: பொருள் வாங்கச் சீட்டு. சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல், மணல், ஜல்லி, பிளாஸ்டர் வாங்க வேண்டுமானால் ஒப்பந்தக்காரர் கட்டுநர் மன்றத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சங்கத்து ஆட்களை மட்டும் வைத்திருப்பவருக்குச் சீட்டு இல்லை. ஆளைத் தடுக்க வேண்டியதில்லை. அவனுடைய கலவைத் தொட்டியைக் காலியாக வைத்தால் போதும்.

இதுவும் உச்ச நீதிமன்றம் போனது. 1925இல் தீர்ப்பு முதலாளிகள் பக்கம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சீட்டு வைத்த பொருள்கள் பிளாஸ்டர் நீங்கலாக எல்லாம் கலிஃபோர்னியாவிலேயே விளைந்தவை என்று நீதிமன்றம் பார்த்தது. பிற மாநிலங்களிலிருந்து வரும் குழாய்ச் சாமான்களை அவர்கள் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. நல்ல வக்கீல் வைத்திருந்தார்கள்.

ஆக, இருபது ஆண்டுகளில் ஒரே ஊரில் முத்திரை இரண்டு கை மாறியிருந்தது. முதலில் தொழிலாளியின் கை, பிறகு முதலாளியின் கை. வீடு கட்டிக்கொள்கிறவரை இருவரும் கேட்கவில்லை. அரசு உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

1929இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் அலுவலகத்தை உண்டாக்கியது. நிறையப் பேர் இதைப் பூகம்பத்தோடு முடிச்சுப் போடுவார்கள். ஆனால் முதல் சட்டத்தைப் பார்த்தால் அது திறமையைப் பற்றியதே அல்ல. பரீட்சை கிடையாது. அனுபவம் கேட்கவில்லை. சித்தாள் வேலைகூடத் தெரியாத ஒருவன் அன்றைக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்க ஒரு முகவரிப் பதிவேடு கிடைத்தது. அந்த அளவில் அது பயன்தான்.

திறமையைப் பற்றிய சட்டம் அதே ஆண்டு வேறொரு தொழிலுக்கு வந்தது. 1928 மார்ச் 12 நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்தது. குறைந்தது 431 பேர் செத்தார்கள். அணையைக் கட்டியவர் வில்லியம் முல்ஹாலண்ட். அவரும் அயர்லாந்துக்காரர், ஊருக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைச் சுத்தம் செய்யும் ஆளாக வேலைக்குச் சேர்ந்து, ராத்திரியில் புத்தகம் படித்துத் தானே பொறியாளர் ஆனவர். 1913இல் 233 மைல் நீளக் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அணை உடைவதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்னால் அவரே நேரில் வந்து கசிவைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். விசாரணையில் பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். எத்தனை பெரிய ஆளானாலும் இப்படிப்பட்ட அணையை ஒரே மனிதனின் முடிவுக்கு விடக் கூடாது என்று விசாரணைக் குழு சொன்னது. 1929இல் சிவில் பொறியாளர்களுக்குப் பதிவுச் சட்டம் வந்தது. அணைகளை மேற்பார்க்கும் பொறுப்பையும் மாநிலம் எடுத்துக்கொண்டது.

முல்ஹாலண்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வருவார். படிக்காமல் கற்ற கை. பிற்கால நில ஆய்வாளர்கள் அணையின் கிழக்குத் தோள் ஒரு பழங்கால நிலச்சரிவின் மேல் இருந்தது என்கிறார்கள். அன்றைக்குப் பட்டம் வாங்கிய எவருக்கும் அதைக் கண்டுபிடிக்கும் அறிவு இருந்திருக்குமா என்பது சந்தேகம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். பரீட்சை வைத்திருந்தால் அந்த 431 பேர் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொரு ஜோடிக் கண்கள் பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று சொல்வேன்.

இதை 1933 காட்டியது. மார்ச் 10 மாலை 5.54க்கு லாங் பீச் பூகம்பம். 230 பள்ளிக் கட்டடங்கள் இடிந்தோ, பெருஞ்சேதம் அடைந்தோ, நுழைய லாயக்கில்லாமலோ போயின. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் வந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தும், ஆளின் பெயரைப் பதிந்ததால் ஏற்கெனவே நின்ற சுவர் எதுவும் பலமாகிவிடவில்லை. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, ஃபீல்ட் சட்டம் நிறைவேறியது. பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநிலம் சரிபார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதெல்லாம் கண்காணிப்பாளர் இருக்க வேண்டும். வரைபடப்படிதான் கட்டினோம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சத்தியப் பிரமாணமாக எழுதித் தர வேண்டும். என் அபிப்பிராயத்தில் இந்த மாநிலம் இயற்றிய கட்டடச் சட்டங்களில் இதுவே தலையாயது. இது ஆளை நம்பவில்லை, வேலையைப் பார்த்தது.

லைசென்ஸ் பக்கம் மெதுவாகவே முன்னேறியது. 1935இல் ஏழு பேர் கொண்ட வாரியம். 1938இல் பரீட்சை கட்டாயம். 1947 வாக்கில் அனுபவத் தகுதி நிர்ணயிக்கவும் தொழில்களை வகை பிரிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம். இன்றைக்கு, கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் தேர்ந்த தொழிலாளியாக வேலை பார்த்ததை நேரில் கண்ட ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். தொழில் பரீட்சை ஒன்று, சட்டமும் வணிகமும் ஒன்று. கைரேகை. 2023 முதல் 25,000 டாலர் உத்தரவாதப் பத்திரம்.

பல் முளைத்தது வேறிடத்தில். லைசென்ஸ் இல்லாதவன் செய்த வேலைக்குக் கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. எந்த அளவுக்கு என்றால், பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு நீர்ப் பூங்கா. அதில் செயற்கைக் கடலலை எழுப்பும் இயந்திரத்தை நியூயார்க் நிறுவனம் ஒன்று கொடுத்தது. தங்களுக்குக் கலிஃபோர்னியா லைசென்ஸ் இல்லை, இயந்திரத்தை மட்டும் விற்கிறோம் என்று தயங்கியவர்களை, நிறுவும் வேலையையும் பாருங்கள், பணம் தருகிறோம் என்று வற்புறுத்தினார்கள் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். வேலை முடிந்தது, முழுப் பணம் வரவில்லை. ஹைட்ரோடெக் வழக்கு என்று பெயர். ஏமாற்றியே வேலை வாங்கியிருந்தாலும் லைசென்ஸ் இல்லாதவனுக்குக் கூலி கேட்கும் வழக்கு இல்லை என்று 1991இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. 2001இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்: லைசென்ஸ் இல்லாதவனுக்குக் கொடுத்த பணத்தையும் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். வேலை சுத்தமாக இருந்தாலும்கூட. இது எனக்கு உவப்பில்லை. வியர்வை சிந்திய வேலைக்குக் கூலி கொடுக்காமல் விடுவதற்கும் ஒரு சட்டம் துணை நிற்கலாமா? ஆனால் 2018இல் பாரடைஸ் ஊர் காட்டுத்தீயில் அழிந்து 85 பேர் மாண்டதுபோன்ற பேரிடர்களுக்குப் பிறகு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோக வருகிறவர்களை நினைத்தால் சட்டம் ஏன் இத்தனை கடுமை என்று புரிகிறது. பேரிடர் அறிவித்த பகுதியில் லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுப்பதைப் பெருங்குற்றமாகவே வைத்திருக்கிறார்கள்.

ஓட்டைகளும் உண்டு. வேலையே பார்க்காதவர் தன் தகுதியை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது இங்கேயும் நடக்கிறது. வாரியம் அவ்வப்போது பிடிக்கிறது. வரைபடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பொறியாளரை அறிந்த தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆசியர் விலக்குச் சங்கம் பிறந்த மாநிலம் 2014இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, லைசென்ஸ் கொடுக்கும் வாரியங்கள் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவரிடம் வரி செலுத்தும் எண்ணை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். குடியுரிமை நிலையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மெக்கார்த்தியும் ட்வைட்மோவும் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. என்னோடு கலவை கலக்கும் மெக்சிகோக்காரப் பையன் அடுத்த ஆண்டு சி-54 எழுதப் போகிறான். நான்கு ஆண்டு அனுபவத்துக்கு உறுதி சொல்லப் போவது நான்.

அப்பாவுக்கு இப்போதும் பரீட்சையில் நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு, ஒரு நிபந்தனையோடு: முத்திரை எந்தக் கையில் இருந்தாலும், அதை மறுத்தால் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். யிக் வோ கேட்டுப் பெற்றது அதைத்தான்.

இங்கே இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் எண்ணை வாங்கி மாநில வாரியத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணில் உள்ள பெயரும் எதிரில் நிற்கிறவரின் பெயரும் ஒன்றா, உத்தரவாதப் பத்திரம் நடப்பில் இருக்கிறதா, கூலியாட்களுக்குக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். 2025 முதல் மொத்தம் 1,000 டாலருக்குக் குறைவான சில்லறை வேலைகளுக்குத்தான் பொதுவாக லைசென்ஸ் விலக்கு. அதுவும் ஆள் வைக்காமல், கட்டட அனுமதி தேவைப்படாத வேலையாக இருந்தால். வீட்டுச் சீரமைப்புக்கு முன்பணம், மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.